காபியை விட்ட டிகாக்‌ஷன் மாமா

மயிலாப்பூரில் ஓட்டுச்சாவடி, ஓட்டுப்பெட்டி எல்லாம் ஒப்புக்குத்தான். எங்கள் தெருவுக்கு வந்த வேட்பாளர்களின் தலையெழுத்தை எழுதியது டிகாக்‌ஷன் மாமாவின் டவரா டம்ளர்.

ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் உட்காரவைத்துக் காபி கொடுப்பார். உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தால் பாஸ். ஆறவிட்டால் ஃபெயில். "எனக்கு டீ போதும்" என்று வாய்விட்ட ஒருவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். மாமா ஃபெயிலாக்கிய அத்தனை பேரும் ஜெயித்தார்கள் என்பது வேறு விஷயம்.

தொண்ணூறுகளில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் ஒரு சைக்கிள் கடைக்காரர் நின்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா மாமா, கசாயம் மாரி கீது? ரெண்டு ஸ்பூன் சக்கர போடு" என்றார்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! "இவன் மட்டும் ஜெயிச்சான்னா, இந்த ஜென்மத்துல நான் காபியைத் தொட மாட்டேன். சத்தியம்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

சைக்கிள் கடைக்காரர் அமோகமாக ஜெயித்தார்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. காபியோடு பேச்சும் போயிற்று. விடிந்ததும் பேப்பரைப் பிரித்து டெல்லியிலிருந்து கோட்டை வரை வாங்கு வாங்கென்று வாங்குகிற மனுஷன், மூலையில் சுருண்டு கிடந்தார். மாடியில் குடியிருந்த எனக்கு முதலில் கொண்டாட்டம்தான். அவர் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

"ஒரு வாய் கொடுத்துப் பாருங்களேன் மாமி."

"டம்ளரைக் கிட்ட கொண்டுபோனாலே மூஞ்சியைத் திருப்பிண்டுடறார்டா. இப்படியே போனா மனுஷன் எனக்கு மிஞ்சணுமே" என்று அழுதுவிட்டார் மாமி.

ஜெயித்தவர் நன்றி சொல்ல மாலையும் கழுத்துமாக வந்தார். வந்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மாமி ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். வந்தவர் அதைத் தொடவில்லை.

"உனக்குக் காபி எங்க மாமா?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

"ஊட்டுக்கு வந்தவனைத் தனியா குடிக்கச் சொல்றது இன்னா மரியாத? நீ குடிச்சா நான் குடிப்பேன். இல்லாங்காட்டி எழுந்து போய்க்கினே இருப்பேன்."

மாமா தவித்துப்போனார். சத்தியத்தைக் காப்பாற்றுவதா, விருந்தாளியை வெறும் வாயோடு அனுப்புவதா? மாமி காத்திருக்கவில்லை. இன்னொரு டம்ளர் வந்துவிட்டது.

"ஆத்துக்கு வந்தவாளைப் பட்டினியா அனுப்பினா அது மகா பாவம்" என்று முனகிவிட்டு, மாமா கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். டம்ளரை வைத்த கை அப்படியே விருந்தாளியை நோக்கி நீண்டது.

"ஓய் கவுன்சிலர்! தெருவுல சாக்கடை அடைச்சிண்டு நாறறது. நீர் மாலையைப் போட்டுண்டு ஊர் சுத்தறீரா?"

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் குரல் குளத்தங்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அப்பாடா என்று இருந்தது எனக்கு. கத்தட்டும், இன்னும் நூறு வருஷம் இருந்து கத்தட்டும் மனுஷன்.