சேற்றணை சுரந்த பால்

சுரங்கக் குடியிருப்பில் அன்று காலி பாட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் ஆட்களோடு வரிசையில் நின்றன. சேற்றணையின் அடியில் பால் சுரக்கிறதாம்.

சேற்றணை என்பது, தாதுவை அரைத்து உலோகத்தை எடுத்தபின் மிஞ்சும் குழம்பைத் தேக்கிவைக்கும் மண்கரை. அதன் கீழே நூறு வீடுகள். போன மாதம் கரையடியில் தண்ணீர் கசிந்தது. நேற்று அது வெளுத்துவிட்டது. உடனே ஒரு சாமியார் வந்து கண்ணை மூடி, "மலைத்தாய் பால் குடுக்கிறா. இனி ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த வாக்கைப் பலகையில் எழுதிக் கரையடியில் நட்டார்கள். இருமல், மூட்டுவலி, பரீட்சை பயம் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு மூடி குடித்தார்கள்.

சாமியாரை வரவழைத்தவர் சுரங்க மேலாளர். பொறியாளரைக் கூப்பிட்டால் அரவையை நிறுத்தச் சொல்லித் தொலைப்பார். சாமியார் அப்படி எதையும் நிறுத்தச் சொல்வதில்லை. எவ்வளவு நல்ல மனிதர்.

கசிவைத் தினமும் அளந்து எழுதுகிறவளை எல்லோரும் அளவுக்காரி என்பார்கள். அவள் பதிவேட்டில் 'கசிவு கலங்கல், ஆபத்து' என்று எழுதியிருந்தாள். மேலாளர் அதை அடித்துவிட்டு, 'கசிவு வெண்மை, அருள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஆபத்துக்கு எதிர்ச்சொல் அருள் என்று எந்தப் பள்ளியில் படித்தாரோ.

அளவுக்காரி தங்கை வீட்டுக்கு ஓடினாள். கரையை ஒட்டிய முதல் வீடு அது. அங்கே இரண்டு சின்னக் குழந்தைகள்.

"பிள்ளைங்களைக் கூட்டிட்டு மேட்டுக்கு வாடி."

"சாமி ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரே அக்கா. நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளா?"

"சரி, உன் பாட்டிலை ஆட்டாம அசைக்காம அப்படி வை."

அரை மணி நேரம் போனது. மேலே தெளிந்த தண்ணீர், அடியில் விரற்கடை உயரத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. தங்கை தொட்டுப் பார்த்தாள். புருஷனின் வேலைச் சட்டையிலிருந்து அவள் தினமும் அலசுகிற அதே சேறு.

"கரை உள்ளுக்குள்ள கரையுதுடி" என்றாள் அக்கா.

இருவரும் பாட்டிலோடு கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். மேலாளர் பக்கத்தில் நிற்க, சாமியார் சேற்றைப் பார்த்தார். "அது தாயோட மேனி. கரை உறுதியா இருக்கு" என்றார். கூட்டம் தலையாட்டியது. தலையை அதற்குத்தானே வைத்திருக்கிறது.

"நிச்சயமா உறுதியா இருக்கா சாமி?" என்றாள் அளவுக்காரி.

"அதான் சொல்றேன்ல."

"அப்ப என் தங்கச்சி வீட்டைக் காலி பண்ணித் தர்றோம். இன்னைலேர்ந்து நீங்க அங்க தங்குங்க. துணைக்கு மேலாளர் சாரும் இருக்கட்டும்."

சாமியார் கரையை அண்ணாந்து பார்த்தார். மேலாளர் மேட்டிலிருக்கும் தன் பங்களாவைப் பார்த்தார்.

"எனக்கு ஈரம் ஒத்துக்காதும்மா" என்றார் சாமியார்.

"எனக்கு ஆபீஸ்ல வேலை கெடக்கு" என்றார் மேலாளர்.

வரிசையில் யாரோ பாட்டிலைக் கவிழ்த்தார். பிறகு எல்லோரும் கவிழ்த்தார்கள். ஆலைக்காரர்கள் போய் அரவையை நிறுத்தினார்கள். பாயும் பாத்திரமும் பிள்ளைகளுமாக நூறு வீடும் மேடேறியது. அவர்களுக்கெல்லாம் முன்னால் ஓடியவர், ஈரம் ஒத்துக்கொள்ளாதவர்.

மறுநாள் மத்தியானம் கரை பிளந்தது. தங்கையின் வீடு இருந்த இடத்தில் சேறு ஓடியது. அவள் இரண்டு குழந்தைகளையும் இறுக்கிக்கொண்டு அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். கீழே, 'இனி ஒண்ணும் ஆகாது' பலகை மட்டும் மிதந்து போனது.

ஆபத்தே இல்லை என்று யாராவது அடித்துச் சொன்னால், கையெடுத்துக் கும்பிடுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் அவர் பாயை எங்கே விரித்திருக்கிறார் என்று பாருங்கள்.