மாப்பிள்ளை தேடும் டூலுக்கு நான் எழுதிய விளக்கம்

சிர்சியில் பாக்குத் தோட்டத்தோடும் என்மேல் கோபத்தோடும் வாழ்ந்துவரும் வருங்கால மாமனார் திம்மப்ப ஹெக்டே அவர்களின் பாதங்களுக்கு, பெங்களூர் மல்லேசுவரத்திலிருந்து கஜானன பட் அனேக நமஸ்காரம். இங்கு நான் க்ஷேமம் என்று எழுதுவதுதான் முறை. நீங்கள் போனை எடுத்திருந்தால் அப்படியே எழுதியிருப்பேன்.

மாமா, நிச்சயதார்த்தம் முடிந்த பையன் இன்னும் பெண் தேடிக்கொண்டிருக்கிறான் என்று சாகர் ஊரிலிருக்கும் உங்கள் தங்கை நாகவேணியம்மா சொன்னாராம். அவர் போனுக்கு என் போட்டோ வந்தது உண்மை, ஆனால் அனுப்பியது நான் இல்லை. எங்கள் கல்யாணத் தகவல் கம்பெனியில் இப்போது வரன் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது ஒரு ஏஐ ஏஜென்ட். டேட்டாபேஸில் தேடுவதற்கு அதன் கையில் சில டூல்களைக் கொடுத்திருக்கிறோம். எந்த டூல் என்ன தரும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் அது தெரிந்துகொள்ளும். அந்த விளக்கங்களை எழுதுவது என் வேலை. மாப்பிள்ளை தேடும் டூலுக்கு, "நல்ல மாப்பிள்ளைகளைத் தரும்" என்று எழுதினேன். அழகாகத்தானே இருக்கிறது? ஆனால் எங்கள் முதலாளி விசாலாட்சம்மா, நிச்சயம் ஆனவர்களின் பெயரைத் தாலி கட்டும்வரை டேட்டாபேஸிலிருந்து எடுக்கவே விடமாட்டார். "மாங்கல்யம் ஏறட்டும் கண்ணா, அதுக்கு முன்னாடி பேரை அழிச்சா அபசகுனம்" என்பார். அங்கே பதிந்திருந்த என் பெயரும் அப்படியே கிடக்கிறது. இது ஆபீசில் டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று நானும் எழுதவில்லை. ஏஜென்ட்டுக்கு மட்டும் தெரியாதே! அது நாகவேணியம்மாவின் மகளுக்கு வரன் தேடி, என்னை முதல் ஆளாக அனுப்பிவிட்டது. முதல் ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்கமாட்டேன்.

அலறியடித்துக்கொண்டு, "கல்யாணம் ஆனவர், ஆகப்போகிறவர் யாரையும் காட்டாதே" என்று சேர்த்தேன். மறுநாளே நஞ்சுண்டய்யா குடையோடு வந்து நின்றார். மனைவியை இழந்து, மறுமணத்துக்குப் பதிந்திருப்பவர். "ஏம்ப்பா, எனக்கு வந்துட்டிருந்த வரனெல்லாம் ஏன் நின்னுபோச்சு? கல்யாணம் ஆச்சுதான், இல்லேங்கல. அவ போயே வருஷக்கணக்காச்சு. ரேஷன் கார்டுலகூட எடுத்துட்டாங்க, உங்க மிஷினுக்கு யாரு துக்கம் சொல்றது?" என்று கேட்டார். பயந்துபோய் அந்த விளக்கத்தை மறுபடி எழுத உட்கார்ந்தேன். இந்த முறை மரியாதை குறைந்துவிடக்கூடாது என்று, "மிகுந்த கவனத்துடனும், பெரியோர் மனம் கோணாமலும், இயன்றவரை தவிர்த்து, தவிர்க்க இயலாதபோது மட்டும்" என்று இரண்டு பக்கம் நீட்டிவிட்டேன். ஏஜென்ட் அதைப் படித்துவிட்டு அந்த டூலைத் தொடுவதையே நிறுத்திக்கொண்டது. யார் வரன் கேட்டாலும், "வீட்டுப் பெரியவர்களைக் கலந்துகொள்ளுங்கள்" என்று பதில் அனுப்பியது. பெரியவர்கள் போன் செய்து, "நாங்கதாம்ப்பா பெரியவங்க! நாங்க யாரைப் போய்க் கேக்கறது?" என்று கத்தினார்கள்.

பக்கத்து சீட் ஸ்ருஜனா விழுந்து விழுந்து சிரித்தாள். "டேய் பட், இது டூல் விளக்கமா, கல்யாணப் பத்திரிகையா? சுற்றமும் நட்பும் சூழ வாங்கன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது! இன்னைக்குக் காலைல வேலைக்குச் சேர்ந்த ஆளுக்குச் சொல்ற மாதிரி எழுதுடா. அந்த ஆளுக்கு விசாலாட்சம்மாவையும் தெரியாது, உன் மாமனாரையும் தெரியாது. இந்த டூல் என்ன தரும், என்ன தராது, ஒண்ணுமே கிடைக்கலைன்னா என்ன சொல்லணும், அவ்வளவுதான்" என்றாள். அப்படியே எழுதினேன் மாமா: "பதிந்துள்ள ஆண்களைத் தேடும். இதில் நிச்சயம் ஆனவர்களும் இருப்பார்கள். அவர்களை யாருக்கும் காட்டக் கூடாது. துணையை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள் மறுமணத்துக்குப் பதிந்திருந்தால் காட்டலாம். பெண்களைத் தேட இது உதவாது, அதற்கு வேறு டூல் இருக்கிறது. யாரும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்." அன்று சாயங்காலமே நஞ்சுண்டய்யாவுக்கு வரன் வந்து, ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

மாமா, சௌபர்ணிகா இல்லாமல் என்னால் இருக்க முடியாது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாகவேணியம்மாவை மறுபடியும் வரன் கேட்கச் சொல்லுங்கள். என் பெயர் வராது, வரவே வராது. என் யோக்கியதைக்கு அதுவே சாட்சி. அத்தைக்கு என் நமஸ்காரம். மழை விட்டுப் பாக்கு நன்றாகக் காயவும், உங்கள் கோபம் அதற்கு முன்பே காயவும் மாரிகாம்பை அருளட்டும்.

தங்கள் மாப்பிள்ளையாகவே இருக்க விரும்பும்,
கஜானன பட்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், பெருமை தாங்காமல், "சிர்சி பக்கம் என்ன விசேஷம்?" என்று ஏஜென்ட்டைக் கேட்டேன். திம்மப்ப ஹெக்டே என்பவர் நேற்று தன் மகள் சௌபர்ணிகாவுக்குப் புதிதாக வரன் கேட்டிருக்கிறாராம். அருமையான பையன்களாகப் பார்த்து அனுப்பியும்விட்டதாம். இவ்வளவு சுத்தமாக அது வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. "அந்தப் பொண்ணுக்கு கஜானன பட்டையும் காட்டேன்!" என்று கெஞ்சினேன். "அவருக்கு நிச்சயம் ஆகிவிட்டது. யாருக்கும் காட்டக் கூடாது" என்கிறது. ஆகையால் மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். "நல்ல மாப்பிள்ளைகளைத் தரும்" என்ற முதல் விளக்கத்தையே திரும்பப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் என் போட்டோ உங்களுக்கு வந்திருக்கும், நாகவேணியம்மாவுக்கும் போயிருக்கும். தன் மகளுக்கு என்று அவர் முந்திக்கொள்வதற்குள் நீங்கள் "சம்மதம்" என்று அனுப்பிவிடுங்கள் மாமா.