முப்பத்தாறு படங்கள்

கழுவிக் காயப்போட்ட ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு படங்கள் இருந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. அம்பிகைபாகன் அதைத் தூக்கிக்கொண்டு நைனா முகம்மதுவின் சாப்பாட்டுக் கடை மாடிக்கு ஓடினார். மூவார் ஊரின் கேமரா பிரியர்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் அங்கேதான் கூடி, ஒருவர் படத்தை ஒருவர் புகழ்ந்துகொள்வார்கள்.

நைனா சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மலாய் கலந்து அங்கலாய்த்தார்.

"அலமாக், மூடியைக் கழட்டாமலே எடுத்துட்டீங்க லா."

நடக்கக்கூடியதுதான். அந்தக் கேமராவுக்கு இரண்டு கண். மேல் கண்ணில் தெரியும் உருவத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். படம் விழுவது கீழ்க் கண் வழியாக. கீழே மூடி கிடந்தாலும் மேலே எல்லாம் ஜோராகத் தெரியும்.

ஆனால் விழாமல் போனது ஆஸ்பத்திரிக் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி சிற்றம்பலத்தின் மகள் திலகத்தின் படம். சிங்கப்பூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியது. அவளைத் தானே பெண் கேட்க வேண்டும் என்று அம்பிகைபாகனுக்கு இரண்டு வருஷமாக ஆசை. கேட்கத்தான் வாய் வரவில்லை. கேமராவைக் கையில் எடுத்துவிட்டாலோ அந்த ஆசைகூட மறந்துபோய், வெளிச்சம் மட்டுமே நினைவில் நிற்கும்.

அடுத்த சனிக்கிழமை சிற்றம்பலத்தின் வீட்டுக்கு மறுபடி போனார். அந்த வீட்டில் வாய் நனைக்காமல் யாரும் எந்த வேலையும் தொடங்க முடியாது.

"முதலிலை கையைக் கழுவிப்போட்டு வாங்கோ தம்பி," என்று திலகத்தின் தாய் செல்லப்பாக்கியம் போன தடவை மாதிரியே கிணற்றடிக்கு அனுப்பிவைத்தார். கேமரா மேசைமேல் இருந்தது. கழுவி வந்து, மோதகம் தின்று, மூடி இல்லை என்று இரண்டு முறை தடவிப் பார்த்துப் பன்னிரண்டு படம் எடுத்தார். திலகம் சிரிப்பை அடக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கேமராவைத் திறந்தால் உள்ளே சுருளே இல்லை. போடவே மறந்திருக்கிறார்! மறுநாள் மாடியில் சிரிப்பு அடங்க அரை மணி நேரமானது.

மூன்றாம் தடவை எல்லாவற்றையும் சரிபார்த்தார். கை கழுவினார், முறுக்குத் தின்றார், எடுத்தார். படம் விழுந்தது. ஆனால் திலகம் ஒரு புகைக்குள் உட்கார்ந்திருந்தாள். கீழ்க் கண்ணில் எண்ணெய் விரல் பதிந்திருந்தது. முறுக்குத் தின்ற தன் விரலைத்தான் அவர் திட்டிக்கொண்டார்.

நைனாவுக்கோ அந்தப் படம் ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. ஆற்றுமுகத்துக் காலைப் பனி என்றார், கடையில் மாட்டக் கேட்டார். சிற்றம்பலத்தார் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டியது பொம்பிளையை. முகிலை இல்லை."

சிங்கப்பூர்க்காரர்கள் காத்திருந்து சலித்துப்போய், தங்காக் ஊரில் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமே என்று அம்பிகைபாகன் கூனிக் குறுகிப்போனார். மன்னிப்புக் கேட்டு, பிராயச்சித்தமாகத் தன் கேமராவையும் அங்கேயே ஒப்படைத்துவிடுவது என்று கிளம்பினார்.

சிற்றம்பலத்தார் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தார். அம்பிகைபாகன் கூடத்தில் தலையைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தார். திலகம் கோப்பித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கோப்பைக்குப் பக்கத்தில் இறுக்கிச் சுற்றிய ஒரு ஃபிலிம் சுருள். மேல் தாளில் அவர் கைப்பட எழுதிய இரண்டாம் தடவைத் தேதி.

"மூடியைப் போட்டதும், இதைக் கழட்டினதும், எண்ணெய் தடவினதும் நான்தான், முப்பத்தாறு தரம் குனிஞ்சு பார்த்தனீங்கள், ஒருக்கா நிமிர்ந்து அப்பாவிட்டைக் கேக்க ஏலாதோ?"