மூலை நசுங்கிய பெட்டி குறித்து மருமகனுக்கு

இராயபுரம்,
புதன்கிழமை.

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் சுஹைப் அவர்களுக்கு,

மாமனார் பஷீர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் மாமியார் தாஹிராவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீங்கள் கப்பலை விட்டு இறங்கி வெள்ளிக்கிழமை நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்துகொண்டிருக்கிறோம். மகள் ஜஸீமா நலம். உங்கள் பெட்டியும் நலம் என்று எழுதி இத்தோடு முடித்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது.

போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை" என்று கேட்டேன், நீங்கள் "சாப்பிட்டேன் மாமா" என்றீர்கள், அதற்கு மேல் வழக்கம்போல் நம் இருவருக்கும் பேச எதுவும் இல்லாததால் வைத்துவிட்டேன். ஜஸீமாவிடம் சொல்லச் சொன்னால், "நீங்க பண்ண வேலைய நீங்களே சொல்லிக்குங்க அத்தா, என்னைய இதுல இழுக்காதீங்க" என்று கையை விரித்துவிட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தை எழுதிப் பெட்டியின் மேலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். திறப்பதற்கு முன் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள்.

ஜஸீமா பகலில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விடுவதால் விம்கோ நகர் வீட்டில் பெட்டியை வாங்க ஆள் இல்லை என்று என் முகவரியைக் கொடுத்தீர்கள். "மாமா, ஒரு பெட்டி வரும், பிரிக்காம அப்படியே வைங்க, நான் வந்து பிரிச்சிக்கிறேன்" என்றீர்கள். நிக்காஹ் முடிந்த இந்த ஐந்து வருடத்தில் நீங்கள் என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். மாமனாருக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்ற பெரிய மனதோடு சொல்கிறீர்கள் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். நிஜமாகவே பிரிக்கக் கூடாது என்கிறீர்கள் என்று, சத்தியமாக, எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டி வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. நான் முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நசுங்கிய பெட்டி கண்ணில் பட்டால் அங்கேயே சாட்சி வைத்துத் திறந்து, உள்ளே சேதம் உண்டா என்று பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. கொண்டுவந்தவர் ஓ.டி.பி. சொல்லுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று பறந்ததில் அன்று மட்டும் முறை தவறிவிட்டது. அந்தக் குறை தீர, உடனே இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டேன். எதிர் வீட்டு ஸ்டானிஸ்லாஸ் ஒருவர். அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாடியில் குடியிருக்கும் ஞானம் கொத்தனார் இன்னொருவர். முட்டிவலி என்று ஒரு மாதமாக வேலைக்குப் போகாமல் இருந்தார். ஸ்டானிஸ்லாஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பதினெட்டு வயசுக்கு மேலன்னு போட்டுகீறான். நாம தாராளமா தொறக்கலாம் பாய்" என்றார். திறந்தோம்.

உள்ளே சேதம் எதுவும் இல்லை. எண் போட்ட இருபத்து நான்கு பைகள் நிறைய ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கற்கள், கல்யாண ஆல்பம் கனத்தில் ஒரு புத்தகம். அந்தக் காலத்து வெளிநாட்டுத் தெருமுனைக் கட்டடம் ஒன்றைக் கட்டும் முறை அதில் இருந்தது. கீழே ரொட்டிக்கடை, முதல் மாடியில் போட்டோ ஸ்டுடியோ, அதற்கு மேல் தங்கும் அறை, மொட்டைமாடியில் புறாக்கூண்டு. அப்போதே மூடி வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. ஆனால் புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருந்தது மாப்பிள்ளை, எந்தக் கல் எத்தனை என்று, படத்தோடு. மொத்தம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. பட்டியலைப் பார்த்த பிறகு எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. இருபத்து நான்கு பைகளையும் வெட்டி ஒன்றாகக் கொட்டி, நிறம் வாரியாக, அளவு வாரியாகப் பிரித்தோம். விருந்தில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட வைத்திருந்த பெரிய சஹன் தட்டுகளில் பெரிய கற்கள், டீ சாசர்களில் நடுத்தரம், இட்லித் தட்டுக் குழிகளில் பொடிக் கற்கள். இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் தாஹிரா சமையலறையிலிருந்து, "மாவு ஊத்தலாம்னு போனா ஒவ்வொரு குழிலயும் கல்லு கீது, நான் எதுல இட்லி சுடறது?" என்று போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டில் யாரோ எங்களுக்குச் சண்டை என்று விசாரிக்க வந்துவிட்டார்கள்.

எண்ணிக்கை முடிந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை, முப்பத்தொன்று கூடுதலாக இருந்தது. எல்லாம் பொடிக் கற்கள். குறைந்தால் யாரோ எடுத்துவிட்டான் என்று எழுதிவிடலாம், கூடினால் என்னவென்று எழுதுவது? மூன்று தடவை எண்ணியும் அதே முப்பத்தொன்றுதான். அதை ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிட்டு, மற்றதைப் பைகளில் திரும்பப் போடலாம் என்று உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கல் எந்தப் பையில் இருந்தது என்று யாருக்குமே தெரியவில்லை. முதல் பைக்கு எது, பத்தாவது பைக்கு எது என்று பட்டியலில் இல்லை. எந்தப் பக்கத்தில் எந்தப் பை தொடங்குகிறது என்று மட்டும் புத்தகத்தில் இருந்தது, கட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே கட்டினோம். ஆசைப்பட்டுக் கட்டவில்லை மாப்பிள்ளை, பைகளைச் சரிசெய்வதற்காகத்தான் கட்டினோம். முதல் நாள் மட்டுமாவது அது உண்மை.

தினமும் மதியம் நான் லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் அஸர் பாங்கு கேட்டுத்தான் எழுந்திருப்போம். அடித்தளம் முடிந்ததும் ஞானம் கையைக் கட்டிக்கொண்டார். "இன்னா பாய் நீ, அஸ்திவாரம் போட்டு ஒரு நாளாச்சும் ஆறப் போட வாணாவா? இப்டியே ஏத்திகினு போனா நாளைக்கு வெரிசல் வுட்டா யாரு பதில் சொல்றது?" பிளாஸ்டிக்குக்கு விரிசல் வராது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முப்பது வருடக் கொத்தனார், கேட்பாரா? ஒரு நாள் வேலை நின்றது. ரொட்டிக்கடைக்கு மேல் தளம் வைக்க வேண்டிய நாள் வந்தபோது மறுபடியும் நிறுத்தினார். "தளம் போடுற அன்னிக்கு வூட்டுக்காரன் சோறு போடாத வூடு நான் கட்னதே கெடியாது." வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார் என்றேன். "மாமனாரு நீ கீறியே" என்றார். உங்கள் கௌரவம் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டதால் தாஹிரா பிரியாணி செய்தாள். சஹன் தட்டெல்லாம் கற்களாக இருந்ததால் வாழை இலையில் சாப்பிட்டோம். அப்போது ஒரு வெள்ளைக் கல்லில் தால்ச்சாக் குழம்பு பட்டுவிட்டது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் லேசான மஞ்சள் தெரிகிறது. அதைக் கம்பெனிக்காரன் செய்த குறை என்று நினைத்துவிட வேண்டாம்.

தாஹிரா பக்கத்தில் வரமாட்டேன் என்றுதான் இருந்தாள். ஸ்டுடியோவுக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். மேல்மாடி எழும்பும்போது முழுக் கட்டடத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து, "இம்மாம் பெரிய வூட்ல ஒரு கக்கூஸ் கெடியாது. தண்ணி லாரி வந்தா கொடத்த எங்க வெக்கிறது? இவனுங்க எப்டிதான் குடும்பம் நட்த்தறானுங்களோ" என்று வருத்தப்பட்டாள். ஆனால் புறாக்கூண்டை வேறு யாரையும் தொடவிடவில்லை, தானே வைத்தாள்.

கட்டி முடித்துக் கிண்ணத்தில் மிச்சத்தை எண்ணினேன். முப்பத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்து மூன்று.  அப்படியானால் எங்கோ இரண்டு கல் வைக்கப்படவில்லை. நானும் ஸ்டானிஸ்லாஸும் மேல்மாடியை முழுவதும் கழற்றி, பக்கம் பக்கமாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தேடினோம். அரை நாள் போனது. பீடி குடித்துவிட்டு வந்த ஞானம், "இன்னா தேட்றீங்க?" என்று நிதானமாகக் கேட்டார். சொன்னோம். "அதுவா, ரெண்டு ஜன்னலுக்கு நாந்தான் கண்ணாடி வெக்கல, கிண்ணத்துல போட்டுட்டேன். நம்மூரு வெயிலுக்கு அதையும் போட்டு மூடிட்டா உள்ள கீறவன் வெந்து பூடுவான் பாய்" என்றார். ஸ்டானிஸ்லாஸ் அவரை இரண்டு நாள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மறுபடியும் மேல்மாடியை ஏற்றி, ஃபிரிட்ஜ் மேல் வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டோம். பைகளைச் சரிசெய்யத்தான் கட்டுகிறோம் என்பதை அதற்குள் நாங்கள் எல்லோரும் மறந்துபோயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஜஸீமா வந்தாள். கூடுதல் கற்களைக் காட்டி, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ அத்தா, அது எக்ஸ்ட்ரா. பொடிக் கல்லு தொலைஞ்சி போவும்னு அவங்களே சேத்து குடுக்கறாங்க." அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் மேல் இருந்ததைப் பார்த்தவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "ஆறு மாசமா போன் பண்ணா இந்த பெட்டிய பத்திதான் பேசிகினு இருந்தாரு அத்தா. இனிமே இது கடைக்கே வராதாம், தேடிப் புடிச்சி வாங்கினாரு. அவருக்கு கட்டி முடிச்ச வூடு வாணாம். கட்டணும், அதான் அவருக்கு லீவு" என்றாள்.

 ஆறு மாதம் இஞ்சின் அறைச் சூட்டிலும் இரைச்சலிலும் கிடந்துவிட்டு வரும் மனிதர், தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஒன்றை நான் எடுத்துத் தின்றுவிட்டேன். அடுத்தவர் சரக்கில் கை வைக்காதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை. மன்னித்துவிடுங்கள்.

மன்னிப்புக் கேட்ட கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டையர் ஆன பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. உங்களைப் பற்றியும் ஒன்று புரிந்தது. மருமகன் நம்மிடம் பேசுவதில்லையே, நம்மைப் பிடிக்கவில்லையோ என்று ஐந்து வருடமாக உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. ஸ்டானிஸ்லாஸ் பெரிய வாயாடி. அவரே கையில் கல்லை எடுத்தால் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குள் எந்தக் குறையும் தெரியவில்லை. பேசாமலும் ஒருவரோடு நன்றாக இருக்க முடியும் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி, கட்டடத்தைக் கழற்றினோம். பழைய பைகள் கிழிந்துபோனதால் ரமலான் மாதத்துப் பேரீச்சம்பழ ஜிப் கவர்களைக் கழுவி, மார்க்கர் பேனாவால் எண் எழுதி, அந்தந்தப் பைக்கு உரியதை அதிலேயே போட்டிருக்கிறோம். கொஞ்சம் பேரீச்சம்பழ வாசனை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எல்லாப் பைகளும், தனி உறையில் உபரிக் கற்களும், ஒரு கல்கூடக் குறையாமல் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன என்று ஸ்டானிஸ்லாஸ், ஞானம் இருவர் முன்னிலையில் சரிபார்த்து உறுதி கூறுகிறேன். நீங்கள் பெட்டியை விம்கோ நகருக்கு எடுத்துப்போய், யாரும் தொடாத புதுப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தனியாகக் கட்டுங்கள். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று போன் செய்தும் கேட்கமாட்டேன்.

தாஹிரா சலாம் சொல்லச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சாப்பாடு இங்கேதான், இந்த முறை சஹன் தட்டுகள் காலியாக இருக்கின்றன. நீண்ட ஆயுளையும் நிறைந்த சுகத்தையும் கடலில் எப்போதும் நல்ல காற்றையும் அல்லாஹ் உங்களுக்குத் தந்தருள்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மீது மிகுந்த பிரியமுள்ள மாமனார்,
மு. பஷீர்
டாலி கிளார்க் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே இருபத்து நான்கு பைகள் என்று எழுதியது, எழுதியபோது உண்மை. சாட்சிகள் இருவரும் போன பிறகு பெட்டியைத் திறந்து பதினேழாவது பையை வெளியே எடுத்துவிட்டேன். அது இப்போது என் பீரோவில் இருக்கிறது. முப்பத்து நான்கு வருடத்தில் நான் எடுத்த முதல் சரக்கு இதுதான். பதினாறாவது பை முடிந்ததும் ஒரு போன் போடுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். வந்த பிறகு அந்த ஒரு பை முடிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கல் எடுத்துக் கொடுக்கிறேன், நீங்கள் பேசக்கூட வேண்டாம். அவசரமில்லை. நான் பகல் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறேன்.