சொம்புத் தண்ணீரில் ஒரு முக்குளிப்பு

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் இருபத்தெட்டு வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஒரு கிறுக்கு. கடலுக்குள் முக்குளிப்பவர்கள் கட்டுகிற பழைய டைவிங் வாட்ச்களாகத் தேடித் தேடிச் சேர்ப்பேன். கடலூர் முதுநகரில், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் வீட்டுக் கதவையெல்லாம் தட்டியிருக்கிறேன். (எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதும் இல்லை.)

2007இல் அம்மாவும் நானும் சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் காபித் தட்டோடு வந்து நின்றாளாம். அம்மா பிறகு சொன்னாள். நான் பார்த்தது பெண்ணுடைய அப்பாவின் கையை. படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கிய ஒரு வாட்ச் அங்கே ஓடிக்கொண்டிருந்தது!

"கப்பல்ல இருந்த எங்க அண்ணன் சிங்கப்பூர்ல வாங்கியாந்தது தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி பட வுட்டதில்ல" என்றார் அவர்.

"என்ன மாமா நீங்க! இருநூறு மீட்டர் ஆழத்துலயும் ஓடும் இது. கழட்டுங்க, காட்டறேன்."

(நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மாமா! அம்மா என் காலை மிதித்தாள்.)

தயங்கித் தயங்கிக் கழற்றிக் கொடுத்தார். டீப்பாயில் இருந்த சொம்புத் தண்ணீருக்குள் அதை இறக்கினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு குமிழி வந்தது. பிறகு வரிசையாக வந்தன.

பழைய வாட்சில் ரப்பர் வாஷர் மக்கிப் போயிருக்கும், தண்ணீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பது வாட்ச் சேர்க்கிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பெருமையடிக்கிற நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வெளியே எடுத்தபோது கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர். முள் நின்றுவிட்டது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிமிர்ந்தேன். பெண்! அப்போதுதான் அவளைப் பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் கட்டவேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றியது. என்ன பிரயோஜனம்? அவள் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்த பிறகு, திறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் பெண்ணின் அம்மா என் அம்மாவுக்குப் போன் செய்தார். நானும் பக்கத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டேன். "பொண்ணுக்குப் புடிச்சிருக்குதுங்க. இன்னும் சிரிச்சிக்கிட்டே கெடக்கறா. அவுரும் சரின்னுட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊட்டுக்கு யார் வந்தாலும் அந்த வாட்ச் கதைய ஒரு மணி நேரம் சொல்லுவாருங்க. இனிமே எப்பிடிச் சொல்லுவாரு? உங்க புள்ள நல்ல காரியம் பண்ணுச்சி."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலையிலிருந்து இறங்காத சோறு அப்போதுதான் இறங்கியது.

ஆனால் மாமியார் போட்ட கணக்கு தப்பிவிட்டது. ஓடாத அந்த வாட்சை மாமனார் இன்றும் கட்டுகிறார். வருகிறவர்களிடம் கப்பல் அண்ணனில் ஆரம்பித்து, என் சொம்பு வரை வந்து, குமிழிகளுக்கு வாயாலேயே சத்தமும் கொடுக்கிறார். பேரப்பிள்ளைகள் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். போன பொங்கலன்று மாமியார் என்னைத் தனியாக அழைத்துக் கெஞ்சினார்:

"முன்னல்லாம் ஒரு மணி நேரத்துல முடிச்சிருவாரு மாப்ள. அத ஒழுங்கா ரிப்பேர் பண்ணிக் குடுத்துடுங்க."