பயம் ஓட்டிய ஆட்டோ

காஞ்சிபுரத்தில் கோபுரங்களைவிட உயரமானது ஒன்று உண்டென்றால், அது எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு ‘பயத்’தின் பயம்தான். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் பயம்.

மற்ற டிரைவர்கள் பயத்தை மறைப்பார்கள். இவர் நாம் ஏறும்போதே சொல்லிவிடுவார். “ரயில்வே கேட்டுன்னா எனக்குப் பயம் சார். தாண்டுறவரைக்கும் பேசிக்கினே வாங்க.”

ஒருமுறை எதிரே கோயில் யானை வந்ததும் வண்டியை நிறுத்தி, பின்சீட்டுப் போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், கைய விடுய்யா.”

“யானை போவட்டும் சார், உட்டுர்றேன்.”

யானை போயிற்று. கையை விடாதவர் போலீஸ்காரர்தான்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கூலிக்குச் சாயம் முக்கி, இன்று சொந்தச் சாயப்பட்டறை வைத்திருப்பவன். நான் ஏற்றும் நீலத்தைப் பார்த்தால் கடலே வெட்கப்படும். முதலாளி ஆனபிறகும் பட்டு நூலை வெறுங்கையால்தான் பிழிவேன். கையுறை போட்டால் நூல் என்னோடு பேசாது. பயம் என்ற சொல்லை என் வாய் எனக்காகச் சொன்னதே கிடையாது.

போன வருஷம் தெருவில் மருத்துவ முகாம் போட்டார்கள். நர்ஸம்மா என் விரலில் கிளிப் மாட்டினார். அவர் முகம் மாறிவிட்டது.

“ரத்தத்துல ஆக்சிஜன் ரொம்பக் கம்மியா காட்டுதுங்கய்யா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

ரெண்டு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கேட்டால் பயந்ததாக ஆகிவிடுமே. “சரிம்மா” என்று கம்பீரமாக எழுந்து வந்துவிட்டேன். வீட்டிலும் மூச்சுவிடவில்லை.

மறுநாள், நூல் வாங்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினால், ஸ்டாண்டில் பயம் மட்டும்தான் இருந்தார்.

“எங்க மொதலாளி?”

“ஆஸ்பத்திரி. சும்மாதான்.”

“ஆஸ்பத்திரின்னா எனக்குப் பயம். உள்ள வரமாட்டேன், வாசலோட சரி.” கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தார். “உங்களுக்கு?”

“எனக்கின்னாயா பயம்?”

“அப்புறம் ஏன் கம்பியப் பிடுங்குற மாதிரி புடிச்சிக்கினு வர்றீங்க?”

கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. வார்த்தைதான் வந்தது.

“பயமாத்தான் இருக்குதுபா. செத்துடுவனோன்னு இருக்குது. வீட்ல சொல்லல.”

வண்டியை ஓரங்கட்டினார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன்.

“ரெண்டு பேருக்கும் பயம்னா வண்டிய யாரு ஓட்டுறது மொதலாளி?”

சிரித்துவிட்டேன். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த நூல் மூட்டையை யாரோ இறக்கியது போல இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி உள்ளே வந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் கையை விட்டவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நீலம்.

“மொதலாளி, ஒங்க சீக்கு எனக்கும் ஒட்டிக்கிச்சு” என்று பெஞ்சில் சாய்ந்தார்.

ஓடிவந்த நர்ஸ் அவர் உள்ளங்கையைப் பார்த்தார். வியர்த்திருந்த என் கையையும் நகங்களையும் பார்த்தார்.

“இன்னா வேலை பண்றீங்க?”

“சாயப்பட்டறை.”

முகாமில் கிளிப் காட்டியதையும் சொன்னேன். அதே மாதிரி கிளிப் ஒன்றை எடுத்து என் காது மடலில் மாட்டினார். “நகத்துல இவ்ளோ சாயம் இருந்தா மிஷின் தப்பாதான் காட்டும். நல்லா இருக்கீங்க.” டாக்டரும் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

“எனக்கும் ஒரு வாட்டி காதுல மாட்டுங்கம்மா” என்றார் பயம். மாட்டிய பிறகுதான் எழுந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாம் சொன்னேன், பயந்ததையும் சேர்த்து.

“நேத்து ராத்திரி சோத்த பெசைஞ்சிக்கினே குந்தியிருந்தப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னுதான்யா பாத்துக்கினு இருந்தேன்” என்றாள்.

இப்போது ஸ்டாண்டில் தைரியசாலிகள் வரிசையாக வண்டி நிறுத்தியிருக்கிறார்கள். நான் பயம் வரும்வரை நிற்கிறேன். ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை அவரோடு பேசிக்கொண்டே போகிறேன். தாண்டிய பிறகும் நிறுத்துவதில்லை.