மனநிலை பார்த்துத் திறக்கும் கதவு

ஒரு காட்டில், மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, எல்லா மிருகங்களுக்கும் ஒரே சமயத்தில் தங்கள் வீட்டுச் சாமான்கள் மீது வெறுப்பு வந்தது. காரணம் வடிவழகன் என்ற நரி. பட்டணத்துப் பக்கம் போய் ஆறு மாதம் குப்பைமேட்டில் இருந்துவிட்டு வந்த அந்த நரி, இலுப்பை மரத்தில் ‘புதுமை வடிவமைப்பு நிலையம்’ என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டது. பிறகு மரத்தைச் சுற்றிலும் தேக்கிலைகளில் படம் வரைந்து மாட்டியது. படங்களைத் தவிர அங்கே வேறு ஒன்றும் கிடையாது.

ஆனால் படங்களைப் பார்க்க வேண்டுமே! யானைக்கு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் நாற்காலி. யானைக்குச் சட்டையே கிடையாதே என்று யாரோ கேட்டதற்கு, அது அடுத்த கட்டம் என்றது நரி. கரடிக்கு, தேனை நக்க நக்க இது எத்தனையாவது நக்கு என்று சொல்லும் கரண்டி. முள்ளம்பன்றிக்கு, எவ்வளவு குத்தினாலும் மனம் புண்படாத தலையணை. ஆமைக்கு ஓட்டின்மேல் ஒரு மொட்டைமாடி, துணி காயப்போட. ஆமை மூன்று நாள் அந்தப் படத்தின் கீழேயே நின்றது. காயப்போடத் தன்னிடம் துணி இல்லை என்பது அதற்கு நினைவுக்கே வரவில்லை. நான்காம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பியபோதுதான், வீடு தன் முதுகில் இருப்பது தெரிந்தது. அதன்பின் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

“எப்பங்க கிடைக்கும்?” என்று யாராவது கேட்டால் நரி இரக்கத்தோடு சிரிக்கும்.

“இது சாமான் இல்லீங்க. கான்செப்ட்.”

கேட்டவர் கூனிக்குறுகிப் போய்விடுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருப்பேன், நரி அந்தச் சொல்லைச் சொல்லும் விதம் அப்படி.

அந்தக் காட்டின் ஓரத்தில் மரகதம் என்ற வெள்ளெலி வளை தோண்டிக் குடியிருந்தது. கணவனை ஆந்தை கொண்டுபோய்விட்டது. ஏழு குட்டிகள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை, திறக்கப் பன்னிரண்டு நாளாகும். கண் திறந்துவிட்டால் ஓடப் பழகிவிடும், ஓடப் பழகிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அதுவரைக்கும் ஏழும் ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கும். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு புற்றில் நெட்டையப்பன் என்ற சாரைப்பாம்பு இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அது ஒவ்வொரு வளையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வரும்.

இதற்கு வெள்ளெலிகள் காலங்காலமாகச் செய்வது ஒன்றுதான். உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துவிடும். மரகதமும் அடைத்தது. நாளைக்கு மூன்று முறை இரை தேடப் போனால் மூன்று முறை தோண்டி மூன்று முறை அடைக்க வேண்டும். நகமெல்லாம் தேய்ந்துவிட்டது. மழை வந்தாலோ மண் நிற்காது, குழம்பாகிவிடும். ஆகவே ஒரு கதவு கேட்டு மரகதம் நரியிடம் போனது.

நரி எலியைத் தின்னாதா என்று கேட்பீர்கள். தொழில் தொடங்கியதிலிருந்து அது வாடிக்கையாளர்களைத் தின்பதை நிறுத்தியிருந்தது. அவர்களே தீனி கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டுப் போகிறபோது, எதற்கு மூச்சிரைக்கத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும்?

“வாங்கக்கா, உக்காருங்க. முதல்ல இதச் சொல்லுங்க. உங்களுக்கும் உங்க வாசலுக்கும் எப்படிப்பட்ட உறவு?”

“பாம்பு உள்ள வரக்கூடாது தம்பி.”

“அது பயன்பாடு. நான் கேக்குறது உணர்வு.”

“பயமா இருக்கு.”

“அருமை! இதத்தான் எதிர்பார்த்தேன்” என்று நரி நான்கு பக்க விண்ணப்பம் ஒன்றை எடுத்து நீட்டியது. அதில் ‘கதவைத் திறக்கும் தருணத்தில் எந்த நிறத்தை உணர்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி இருந்தது. மரகதம் வெகுநேரம் யோசித்து ‘மண்’ என்று எழுதிக் கொடுத்தது.

நரி ஒரு தேக்கிலையை எடுத்து, கண்ணை மூடித் தியானித்து, ஒரு வட்டம் போட்டது. அந்தக் கதவுக்குக் கீல் இல்லை, தாழ் இல்லை, பலகையும் இல்லை. கீழே இப்படி எழுதியது: ‘வருகையாளரின் மனநிலை அறிந்து திறக்கும் கதவு. வருகையின் நோக்கத்தைக் கூறிவிட்டுக் காத்திருக்கவும்.’

“கதவு எங்க தம்பி?”

“இதுதாங்க்கா.”

“இது இலையாச்சே.”

“இப்போதைக்கு வாசல்ல தொங்கவிடுங்க. வெள்ளிக்கிழமை கான்செப்ட் போட்டி. யானையார்தான் நடுவர். அதுவரைக்கும் மண்ணு கிண்ணு வச்சு அடைச்சிராதீங்க, டிசைனே கெட்டுப்போயிரும்.”

மரகதம் தலையாட்டிவிட்டு வந்தது. இலையை வாசலில் தொங்கவிட்டது. அதன் பின்னால் வழக்கம்போல மண்ணை வைத்து நன்றாக அடைத்தது. தாய்க்கு டிசைனைப் பற்றிக் கவலைப்பட நேரம் ஏது?

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் வாசல் மண் கரைந்து வழிந்துவிட்டது. புதிதாக அள்ளி வைத்த மண்ணும் கையோடு ஒழுகியது. மரகதம் நனைந்துகொண்டே மரங்கொத்தியிடம் ஓடியது. மரங்கொத்தி முன்பெல்லாம் ஒரே காலையில் பலகைக் கதவு செய்து கொடுத்துவிடும்.

“இப்ப நான் மரத்தையே தொடுறதில்லம்மா” என்றது மரங்கொத்தி. “போட்டிக்கு ஒரு கதவு செஞ்சு எடுத்துட்டுப் போனேன். இது திறக்குதான்னு கேட்டாங்க. திறக்கும்னேன். மூடுதான்னு கேட்டாங்க. மூடும்னேன். வேலை செய்யுற பொருளப் போட்டியில சேக்க விதி இடம் கொடுக்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இனிமே நானும் படம்தான். உனக்கு ஒண்ணு போட்டுத் தரட்டுமா?”

“படம் இருக்குண்ணே” என்றது மரகதம். அதற்கு அழுகை வந்தது.

வளைக்குத் திரும்பி, ஏழு குட்டிகளையும் மூலையில் தள்ளி, அவற்றின்மேல் படுத்துக்கொண்டது. மழை விட்டது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஈர மண்ணில் சரசரவென்று சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்ததும் சத்தம் நின்றது.

“அட, நம்ம வடிவழகன் கதவு!” என்றது பாம்பு. நெட்டையப்பன் நிலையத்துக்கு வாரம் ஒருமுறை போகிற ரசிகன். தானே மடிந்துகொள்ளும் கயிற்றுக்கட்டில் வேண்டுமென்று தன் பெயரைக்கூடப் பதிந்து வைத்திருந்தது. இப்படிப்பட்டவர்கள் ஒரு புதுமைப் பொருளைத் தலையால் முட்டித் தள்ளிவிட்டு உள்ளே போக மாட்டார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள். பாம்பு எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

“நோக்கம்: சாப்பாடு.”

உள்ளே மரகதம் குட்டிகள்மேல் இன்னும் அழுந்திப் படுத்தது. பாம்பு மறுபடியும், இன்னும் மரியாதையாக, “சாப்பாடுங்க” என்றது. இதற்குமேல் பதில் வராவிட்டால் அது என்ன செய்யும் என்று மரகதத்துக்குத் தெரியும். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே வாயைத் திறந்தது.

“மன்னிக்கவும். தங்கள் மனநிலை ஏற்புடையதாக இல்லை.”

“பேசுது!” என்று பாம்பு பூரித்துப்போனது. “என் மனநிலைக்கு என்னங்க கொறச்சல்?”

“பசி தென்படுகிறது.”

“பசி ஒரு மனநிலையா?”

“பசி தீர்ந்தபின் மீண்டும் முயற்சி செய்யவும்.”

அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி கத்திவிட்டது.

“என்னது அது, கீச்சுன்னு?”

“தங்கள் வருகை எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்றது மரகதம், குட்டியின் வாயைப் பொத்திக்கொண்டு.

பாம்பு ஓடைக்குப் போய் இரண்டு தவளைகளைப் பிடித்துத் தின்றுவிட்டு, அரைமணி நேரத்தில் வயிறு புடைக்கத் திரும்பி வந்தது.

“இப்பப் பாருங்க மனநிலைய!”

“தங்கள் மனநிலை ஏற்கப்பட்டது. வருகையின் நோக்கம்?”

“சாப்பாடு.”

“தங்களுக்குத் தற்போது பசி இல்லை. எனவே நோக்கம் செல்லாது. பசித்தபின் வரவும்.”

பாம்பு தலையைச் சாய்த்து யோசித்தது. “பசிச்சு வந்தா மனநிலை சரியில்ல. பசிக்காம வந்தா நோக்கம் சரியில்ல. அப்படித்தானே?”

“தங்கள் புரிதலுக்கு நன்றி.”

“என்னா மூளைய்யா!” என்று வியந்துகொண்டே பாம்பு போய்விட்டது. மரகதம் விடியும்வரை குட்டிகள்மேலிருந்து எழுந்திருக்கவில்லை. பாம்பு அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. இரண்டு நாளும் இதே பேச்சு, இதே நன்றி. இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கதவின் பெருமையைக் காடு முழுக்கச் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை போட்டி. குட்டிகளுக்குக் கண் திறக்க இன்னும் ஐந்து நாள். நரி புதுத் துண்டு போட்டுக்கொண்டு முன்னால் நின்றது. நடுவர் யானை துதிக்கையால் காதைச் சொறிந்துகொண்டே, “ஏம்ப்பா, உன் கதவு வேலை செய்யுதாமே?” என்றது.

நரிக்கு முகம் வெளுத்துவிட்டது. “யாருங்கய்யா அப்படிச் சொன்னது? என் தொழில் சுத்தமான தொழில். நான் போட்ட எதுவும் இன்னைக்கு வரைக்கும் வேலை செஞ்சதில்ல!”

“நான் சொன்னேன்” என்று முன்வரிசையில் பாம்பு தலையைத் தூக்கியது. “மூணு நாளாத் திரும்பிப் போயிட்டிருக்கேன்.”

நரி மரகதத்தின் பக்கம் குனிந்தது. “அக்கா, உள்ள இருந்து பேசினது நீங்கதானே? ஒரு வார்த்த சொல்லிருங்க. பரிசு போயிட்டா நான் பழைய தொழிலுக்குத்தான் திரும்பணும்.” சொல்லும்போது அதன் பற்கள் நன்றாகத் தெரிந்தன.

உண்மையைச் சொன்னால் இன்று மாலையே பாம்பு உள்ளே வந்துவிடும். பொய் சொன்னால் நரி சும்மா விடாது. மரகதம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. நரி தன்னைத் தின்னும். பாம்பு ஏழையும் தின்னும்.

“வேலை செய்யுதுங்கய்யா” என்றது. “நேத்து இரை தேடிட்டு வந்த என்னையே கால் மணி நேரம் வெளிய நிக்க வச்சிருச்சு.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. யானை விதிப்படி நரியின் பெயரை அடித்துவிட்டு, மரங்கொத்தி வரைந்த பலகைக் கதவுப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தது. நரி உதட்டை நக்கிக்கொண்டு மரகதத்தை நோக்கி ஒரு அடி வைத்தது. ஆனால் அதற்குள் எதிரே வரிசை நின்றுவிட்டது. கரடி, முள்ளம்பன்றி, ஆமை எல்லாருக்கும் அந்தக் கதவுதான் வேண்டுமாம். ஆளுக்கொரு தீனியோடு நின்றார்கள். நரி பெருமூச்சு விட்டு, தேக்கிலையைக் கையில் எடுத்தது.

வரிசையில் முதல் ஆள் நெட்டையப்பன். இலையை வாங்கிக்கொண்டு போய்த் தன் புற்று வாசலில் தொங்கவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தது. பிறகு கிட்டே வந்து, “நோக்கம்: தூக்கம். என் வீடுதாங்க” என்றது.

பதில் இல்லை. தன் மனநிலை சரியில்லையோ என்று மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தது. சிரித்துப் பார்த்தது. அன்று வெளியிலேயே படுத்தது. மறுநாளும் அப்படியே. மரகதம் தன் வளையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கீரி வந்தது. பாம்பு புற்று வாசலில்தான் இருந்தது. மூக்கால் தள்ளியிருந்தால் இலை விலகியிருக்கும், அடுத்த நொடி உள்ளே போயிருக்கலாம். ஆனால் அது கதவைப் பார்த்துத் திரும்பி, “நோக்கம்: அவசரம். உயிர்ப் பிரச்சினை” என்று திருத்தமாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

அதற்கு மூன்று நாள் கழித்து ஏழு குட்டிகளும் கண் திறந்தன.

நீதி: எவ்வளவு புதுமையான கதவும் நன்றாகவே வேலை செய்யும். உள்ளே ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.